உச்சம் இல்லாத கதை

தரங்கம்பாடியில் கோட்டைக்குச் சற்றுத் தள்ளி இருந்த பழைய விடுதியின் கூடத்தில், என் அக்கா தன் கதையை வாசிக்க எழுந்து நின்ற நேரம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தக் கூடத்து ஜன்னல்களுக்குக் கதவு இல்லை. கடல்காற்று உள்ளே புகுந்து தாள்களைப் பிடுங்கப் பார்த்தது. அவள் ஒரு கையால் தாள்களை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, மறு கையால் ஒவ்வொன்றாக உருவி வாசித்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டும்போது தெருமுனை வரைக்கும் கேட்கும் குரல் அவளுடையது. அன்று அது பாதியாகிவிட்டிருந்தது. அலைச் சத்தத்துக்கு நடுவில் அதைப் பிடிக்க எல்லாரும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்கள். வேட்டி கட்டிய அத்தனை ஆண்கள் எங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி பேசுவதைக் கேட்க அப்படிச் சாய்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். அப்பா பண்ணையில் கூலி ஆள். எங்கள் தெருவில் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் பொறுப்பு. தெருவிலேயே முதலில் ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குப் போனவள் அக்கா. அவளைவிடக் கொஞ்சம் இளையவளான நான் டவுனில் தட்டச்சுப் பழகிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் வெளியூரில் தங்கிக் கதை எழுதக் கற்றுக்கொள்கிறேன் என்று அவள் கேட்டபோது, தனியாக அனுப்பமாட்டேன் என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால் நானும் கூடப் போனேன். எனக்குக் கதையில் அப்போது பெரிய அக்கறை இல்லை. கடலைப் பார்க்கலாம் என்பதுதான் ஆசை.

பயிலரங்கை நடத்தியவரை எல்லாரும் புலவர் ஐயா என்பார்கள். உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர், ஆளுங்கட்சி மேடைகளில் நன்றாகப் பேசக்கூடியவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருத்துறைப்பூண்டியில் ஓர் அரிசி மண்டியின் மாடியில் அவர் இலக்கியக் கூடல் நடத்தினார். அந்த மண்டி எங்கள் ஊர்ப் பண்ணையாரின் மருமகனுடையது. கூடலுக்கு இடமும், வருடம் ஒருமுறை நடக்கும் பயிலரங்குக்கு அரிசியும் அவர் கொடுப்பவை. இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. அக்காவும் நினைக்கவில்லை.

புலவர் ஐயாவைப் பற்றி நல்லதையும் சொல்லவேண்டும். அக்கா முதன்முதலில் கூடலுக்குப் போனபோது கதவோரமாகத் தரையில் உட்காரப் பார்த்தாளாம். அவர் எழுந்து வந்து, தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "இங்க உக்காரும்மா. இது உன் இடம்" என்றாராம். தரங்கம்பாடியில் எங்களைத் தனியாக உட்காரவைக்கக்கூடும் என்று பயந்துகொண்டே சாப்பிடப் போனோம். அவர் எங்களுக்கு நடுவில் வந்து இலையைப் போட்டுக்கொண்டார். மேடையில் பேசுகிறபடியே நடந்துகொள்கிற மனிதரை முதல்முறை பார்க்கிறோம் என்று அன்று ராத்திரி அக்கா என்னிடம் சொன்னாள். அவரை அவள் முழுசாக நம்பியதற்கு அந்த நாற்காலியும் அந்த இலையும் போதுமானவையாக இருந்தன. பின்னால் அவர் தன் கதையை வாங்கிக்கொண்டபோது அவர் கைக்கு என்ன கொடுக்கிறோம் என்று அவள் யோசிக்கவே இல்லை.

அவள் வாசித்த கதை எங்கள் அப்பாவுக்கு நடந்தது. ஊரையும் பேரையும் மாற்றியிருந்தாள், அவ்வளவுதான். பயிலரங்குக்கு முந்தைய சம்பா அறுவடையின்போது கூலித் தகராறு முற்றி, பண்ணை லாரி வைத்து வெளியூர் ஆட்களை இறக்கப்போவதாகப் பேச்சு எழுந்தது. நட்டவர்களே அறுப்பது என்று சங்கத்தில் முடிவெடுத்து, எங்கள் தெருச் சனம் விடிந்ததும் வயலில் இறங்கிவிட்டது. அன்று பள்ளி விடுமுறை. கஞ்சி கொண்டுபோன அக்கா வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா தலையில் கதிர்க்கட்டோடு வரப்பில் களத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். எதிரே பண்ணை வேலைகளை மேற்பார்க்கும் காரியக்காரரும் தடி வைத்திருந்த ஆட்களும் வந்தார்கள். முதல் அடி அப்பாவின் முழங்காலில் விழுந்தது. பிறகு கூட்டம் கலந்து தள்ளுமுள்ளு ஆனது. அதில் காரியக்காரரின் முன்கையில் அரிவாள் வெட்டு ஒன்று விழுந்துவிட்டது. யார் வெட்டியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் போலீஸ் எழுதிய பிராதில் முதல் பெயர் அப்பாவுடையது.

அக்காவின் கதையில் வெட்டு இல்லை. கதை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தலையில் கட்டோடு ஒருவன் வரப்பில் நிற்கிறான். இரண்டு கையும் கட்டைப் பிடித்திருக்கின்றன. அடி விழுகிறது. கட்டைப் போட்டுவிட்டால் கையை உயர்த்தித் தடுக்கலாம். ஆனால் கதிர் நன்றாக முற்றிய கதிர். போட்டால் மணி உதிர்ந்து சேற்றில் போய்விடும். அவன் போடவில்லை. அடி வாங்கிக்கொண்டே களம் வரைக்கும் நடந்து, மெதுவாகக் கட்டை இறக்கிவைத்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்காருகிறான். கதை அவ்வளவுதான்.

அவள் வாசித்து முடித்ததும் அதிராம்பட்டினத்திலிருந்து வந்திருந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், கவிதை எழுதுகிறவர், வயதானவர், எழுந்து வராந்தாவுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது அவருடைய கண்கள் சிவந்திருந்தன. "நம்ம பக்கத்துல இப்படி ஒரு கதை எழுத ஆளு வந்தாச்சும்மா" என்று மட்டும் சொன்னார். புலவர் ஐயாவும் பாராட்டினார். மொழி சுத்தமாக இருக்கிறது, பார்வை கூர்மை என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார்.

"ஆனா கதைக்கு உச்சம் இல்லையேம்மா. அடி வாங்கிட்டு நிக்கிறவன் எப்படி நாயகன் ஆவான்? படிக்கிறவனுக்கு ரத்தம் கொதிக்க வேணாமா?"

"நடந்தது அப்படிங்க ஐயா" என்றாள் அக்கா.

"நடந்ததை எழுத நிருபர் இருக்கார்மா. நாம எழுத்தாளர். நடக்கவேண்டியதை எழுதணும்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அக்கா தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், "யோசிச்சுப் பாத்தேன், மாத்த முடியாது. மாத்தினா அது அப்பா இல்ல" என்றாள். கூடல் கொண்டுவந்த சிறப்பு மலருக்குக் கதையைக் கொடுத்தபோதும் அதையே புலவர் ஐயாவிடம் சொல்லியிருக்கிறாள். "அப்படியே போடுவோம்மா. அங்கங்க ஒற்றுப் பிழை மட்டும் பாத்துக்கிறேன்" என்று அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

மலர் வெளியீட்டு விழா திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். மண்டிக்காரர் முதல் பிரதியை வாங்கினார். ஜாமீனில் வெளியே இருந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு நாங்கள் குடும்பத்தோடு போயிருந்தோம். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகளின் பெயர் அச்சில் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லி, அந்த எழுத்துகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு அக்கா புத்தகத்தை வாங்கித் தன் கதையின் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். எட்டிப் படித்தேன். அடி வாங்கியவன் கட்டை வீசி எறிகிறான். இடுப்பிலிருந்து அரிவாளை உருவி ஓங்குகிறான். எதிரியின் ரத்தம் வரப்பை நனைக்கிறது. கிழக்கே வானம் சிவக்கிறது.

மேடையிலிருந்து அவர் இறங்கும்வரை அக்கா காத்திருந்தாள். "என்னங்க ஐயா இது?" என்றாள். அவர் சிரித்தார். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு நன்றியை எதிர்பார்க்கிற சிரிப்பு அது. அதில் சூது எதுவும் இல்லை என்று இன்றும் நம்புகிறேன்.

"கடைசி அஞ்சாறு வரிதாம்மா. இப்பப் படிச்சுப் பாரு, எழுந்து நிக்குது."

"எங்கப்பா மேல கேஸ் இருக்குங்க ஐயா."

"இது கதைதானேம்மா. கதைக்கும் கோர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் இருந்தது. மலரின் பிரதிகள் மண்டிக்காரர் வீட்டிலிருந்து அவருடைய மாமனாரான பண்ணையார் வீட்டுக்குப் போயின. நாகப்பட்டினம் கோர்ட்டில் விசாரணை தொடங்கியபோது எங்கள் வக்கீல் அக்காவைச் சாட்சியாக ஏற்றினார். நேரில் பார்த்தவள், அரசுப் பள்ளி ஆசிரியை, சங்கத்தில் இல்லாதவள். அவர் கையில் அவளைவிட நல்ல சாட்சி இல்லை. அப்பாவின் இரண்டு கையும் தலையில் இருந்த கட்டைப் பிடித்திருந்தன, அவர் யாரையும் தொடவில்லை என்று அவள் தெளிவாகச் சொன்னாள். பிறகு அரசு வக்கீல் எழுந்தார். அவர் கையில் மலர் இருந்தது.

"இதுல இருக்கிறது உங்க பேர்தானே?"

"ஆமாங்க."

"இந்தக் கதை நீங்க எழுதினதுதானே?"

"எழுதினது நான்தாங்க. ஆனா கடைசியில இருக்கிறது நான் எழுதலைங்க."

"பேர் உங்களுது, கதை உங்களுது, கடைசி மட்டும் வேற ஆளுதா?" என்று அவர் கேட்டதும் கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். அவர் அந்த வரிகளை மெதுவாக, நன்றாக ஏற்றி இறக்கி வாசித்தார். புலவர் ஐயா விரும்பியபடியே அது எழுந்து நின்றது. அப்பா கூண்டுக்குள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மகள் எழுதிய கதையை அவர் முழுதாகக் கேட்டது அன்றுதான். அதுவும் அந்த முடிவோடு.

அந்த வரிகளைத் தான்தான் சேர்த்ததாகப் புலவர் ஐயா வந்து சொன்னால் போதும் என்றார் எங்கள் வக்கீல். நானும் அக்காவும் அவர் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி காபி கொடுத்தார். புலவர் ஐயா தரையைப் பார்த்தபடியே பேசினார். அரசாங்க இலக்கியக் குழு ஒன்றுக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம் அது. ஆனால் அதை அவர் சொல்லவில்லை.

"நான் கோர்ட்டு ஏறினா இந்தக் கூடலே கலைஞ்சுபோயிடும்மா. இடம் கொடுத்தவங்களுக்கு எதிரா நின்னதா ஆகும். உன்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் எழுத வரணும், அதை யோசிச்சுப் பாரு."

அக்கா காபியைத் தொடவில்லை. "எங்களை மாதிரி ஆளுங்க வரணும்னுதாங்க ஐயா நானும் கேக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். அவர் வாசல் வரைக்கும் வந்து, எங்களுக்கு முன்னால் கையைக் கூப்பினார். என்னை நாற்காலியில் உட்காரவைத்தவர்தானே என்று அவள் வழியெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கூப்பிடாமலே வந்தவர் அதிராம்பட்டினத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர்தான். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு நாகப்பட்டினத்துக்கு வந்து நின்றார். "அந்தப் பொண்ணு வாசிச்ச கதையில அருவாளே கிடையாது. நான் என் காதால கேட்டேன். எங்க வேணும்னாலும் சொல்றேன்" என்றார். வக்கீல் அவரை மரியாதையாக உட்காரவைத்து, கதை கேட்டவரைக் கூண்டில் ஏற்றினால் இன்னும் சிரிப்பார்கள் என்று சொல்லிவிட்டார். அப்படியும் அவர் போகவில்லை. அடுத்த வாய்தாவுக்கும் வந்து, கடைசி பெஞ்சில், வெள்ளைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்.

தீர்ப்பில் கதையைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. கதையைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை என்றுகூட ஜட்ஜ் சொன்னார். ஆனால் சொந்த மகள், தான் எழுதியதையே இல்லை என்கிறவள், அவள் சொல்லை நம்பமுடியவில்லை என்றும் சொன்னார். அப்பாவைத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வருடம் நிலச் சட்டங்களைப் பற்றிப் புலவர் ஐயா ஊர் ஊராக மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார். உழுதவனுக்கே நிலம் என்று அவர் குரல் மைக்கில் எங்கள் தெருவரைக்கும் வந்தது. அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

அப்பா திரும்பி வந்தபோது ஆள் பாதியாக இருந்தார். அடிபட்ட முழங்கால் மடங்கவில்லை. ஜெயிலைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. வந்து சில நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தலையைத் தூக்காமல் அக்காவைக் கேட்டார்.

"ஏ ஆயி, நான் கட்டைத் தூக்கிக் கடாசிட்டேன்னா அதுல எழுதியிருக்கு?"

"அது நான் எழுதினது இல்லப்பா."

"நீ எழுதலேன்னு எனக்குத் தெரியும். அருவாளை ஓங்கினேன்னு சொன்னது போவட்டும், அது போலீஸ்காரனும் சொன்னான். கட்டைக் கடாசினேன்னு சொன்னதுதான்…"

முடிக்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அக்கா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அவள் எழுதுவதை நிறுத்தியது கோர்ட்டில் இல்லை, அன்றைக்குத்தான். அதன் பிறகு தாளில் ஒரு வரிகூட அவள் எழுதி நான் பார்க்கவில்லை. பள்ளி ஆண்டுவிழாவுக்கு நாடகம் எழுதித்தரச் சொன்னால்கூட வேறு டீச்சரைக் கைகாட்டிவிடுவாள். கூடலிலிருந்து அழைப்பு மட்டும் வருடக்கணக்கில் வந்துகொண்டிருந்தது. புலவர் ஐயா பதவியும் விருதும் பெற்று, நிறைய வயதாகி இறந்தார். அவர் சாவுக்கு அக்கா போய்வந்தாள். ஏன் போனாய் என்று நான் சண்டை போட்டபோது, "சோறு போட்டவருடி" என்றாள். அவள் கேலியாகச் சொன்னாளா, உண்மையாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் முடிந்துபோன கதை என்றுதான் நினைத்திருந்தேன். சென்ற வருடம் திருவாரூரில் ஒரு கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. இளைஞர்களுக்கு இரண்டுநாள் சிறுகதைப் பயிலரங்கு. அதில் ஓர் அமர்வு முழுக்க அக்காவின் கதை. டெல்டாக் கதைகள் தொகுப்பு ஒன்றில் அது சேர்ந்து, பாடத்திலும் வந்துவிட்டதாம். அக்கா வரமுடியாது என்று சொல்லிவிட்டாள். தாலுகா ஆபீஸில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு வேறு வேலை இல்லை. எழுத்தாளரின் தங்கை என்று நான் போனேன்.

மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு கை அரிவாளை ஓங்கியிருந்தது. கீழே அக்காவின் பெயர். ஒருங்கிணைப்பாளர் ஓர் இளம் பேராசிரியர், நல்ல பிள்ளை. அந்தக் கடைசி வரிகளை வாசித்துக் காட்டி, அடிமைப்பட்டவன் நிமிர்கிற கணம் என்றார். இந்த மண்ணின் எழுத்து அங்கேதான் தொடங்குகிறது என்றார். கூட்டம் கைதட்டியது. எனக்கு மைக் கொடுத்தபோது நடந்ததை எல்லாம் சொன்னேன். கட்டு, கோர்ட்டு, ஜெயில், முழங்கால், ஒன்றையும் விடவில்லை. அமைதியாகக் கேட்டார்கள். முடித்ததும் எனக்கும் கைதட்டினார்கள். "அம்மா சொன்னது ரொம்ப முக்கியமான தகவல். ஆனா அச்சில வந்த பிறகு பிரதி வாசகரோடது இல்லையா? இதையும் நாம விவாதிக்கலாம்" என்றார் பேராசிரியர். விவாதிக்கவில்லை. சாப்பாட்டு நேரமாகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பெண் என்னைத் தன் ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டாள். பயிலரங்குக்கு வந்தவள். மன்னார்குடிப் பக்கம். இறங்கும்போது, "உங்க அக்கா எழுதின முடிவை இன்னொரு தடவை சொல்லுங்கம்மா" என்று கேட்டாள். சொன்னேன். அவள் ஸ்கூட்டியின் எஞ்சினை அணைத்தாள்.

"எங்க தாத்தாவும் கூலி ஆளுதாம்மா. அடி வாங்கினார், அடி வாங்கினார்னே எங்க வீட்டுல எல்லாரும் சொல்லுவாங்க. ஒருத்தராவது ஓங்கினார்னு படிக்கும்போது எனக்கு அழுகை வந்துச்சு. கோவிச்சுக்காதீங்க. எனக்கு அந்த முடிவுதாம்மா வேணும்."

கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். ஃபிளெக்ஸைப் பற்றிச் சொன்னபோது உரித்துக்கொண்டே இருந்தாள். பேராசிரியர் சொன்னதற்கு லேசாகச் சிரித்தாள். அந்தப் பெண் சொன்னதைச் சொன்னபோதுதான் கை நின்றது. முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டாள்.

"அவ சொன்னதுல தப்பு இல்லடி" என்றாள். "செய்யாததுக்குத்தானே அப்பா ஜெயிலுக்குப் போனாரு. செஞ்சிட்டே போயிருக்கலாம்."